ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இரண்டு அடுப்பும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. பெற்றது ஐந்து. ஆறாவது, பிரசவத்தில் போய்விட்ட என் தங்கை விட்டுச் சென்ற பிள்ளை. ஆறும் நான் ஆக்கிப் போட்டதைத் தின்று வளர்ந்தவைதான். ஒன்றுகூட நோஞ்சானாகப் போகவில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் எழுதப் போவது என் அடுப்பைப் பற்றி. அடுப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிற வேலை. எழுத்து கோணலாகத்தான் வரும். பேத்தி தன் நோட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கங்களைக் கழற்றித் தந்திருக்கிறாள். ஐந்து நாளாக எழுதுகிறேன். ஒரேயடியாக உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுவேன், எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன், திரும்பி வந்து எங்கே விட்டேன் என்று தேடுவேன்.

பெடாஸிலிருந்து உள்ளே போகிற சாலையில் என் வீடு. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு, தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிய வீடுகளில் ஒன்று. வீட்டுக்காரர் போன பிறகு ஒன்பது வருடமாக நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரும்புச் சட்டியில் மாட்டிறைச்சியை வேகப் போட்டுவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் மிளகாய் பழுத்திருந்தது. மிளகாயைப் பறித்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் மனைவி கூப்பிட்டாள். பேசிக்கொண்டே அவளோடு கடை வரைக்கும் நடந்துவிட்டேன். திரும்பி வரும்போது என் வீட்டு ஜன்னலில் புகை. பக்கத்து வீட்டுக்காரி பின்கதவு வழியாக உள்ளே போய் கேஸை அடைத்து, சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக் குழாயடியில் போட்டிருந்தாள். நிலைவாசலில் இருமிக்கொண்டு நின்றாள்.

அந்தச் சட்டியை அவள் தொட்டது அன்றைக்குத்தான்.

இதைச் சொன்னால்தான் விளங்கும். அவள் மாட்டிறைச்சி தொடாதவள். லயத்து வீட்டுக் காலத்திலிருந்து எனக்குப் பக்கத்துச் சுவர். ஒரு வரிசையில் பத்து வீடு இருந்தால் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீடு மூன்றோ நாலோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எங்களுக்கு மாட்டுக்கறி. அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. ஆக்கி முடிந்தால் அவை வீட்டுக்குள் இருக்காது. பின்வேலி ஆணியில்தான் தொங்கும். கறி கொதிக்கும்போது முன்கதவைச் சாத்தி வைப்போம். அன்றைக்கு மாடு தொடாத வீட்டுக்காரர்கள் யாராவது வந்தால் வாசலிலேயே உட்கார்ந்து பேசுவோம். யாரும் சட்டம் போடவில்லை. அவர்களும் மூக்கைப் பிடித்ததில்லை, நாங்களும் முகத்துக்கு நேரே கரண்டியை ஆட்டியதில்லை. என் சட்டி தோட்டத்துப் பட்டறையில் என் வீட்டுக்காரர் அடித்து வாங்கியது. அடி தட்டை, கனம் ஒரு குழந்தை கனம். அதைத்தான் அவள் தூக்கினாள்.

"அக்கா, கைய சுட்டுக்கிட்டியா?" என்று, ஓடிப்போய்ச் சட்டியைத் தொட்ட என்னைத்தான் கேட்டாள். சுட்டுக்கொண்டது அவள்.

சாயங்காலத்துக்குள் சேதி லோபாக்குக்குப் போய்விட்டது. லோபாக்கில் என் பெரிய மகள் இருக்கிறாள். கிளினிக்கில் வேலை, போனில் வருகிற குரலிலும் கிளினிக் வாடை.

"மா, போதும்லா. தனியா இருக்கிற ஆளுக்கு கேஸ் அடுப்பு எதுக்கு? வீட்ட பூட்டிட்டு என்கூட வந்துடுங்க."

"வந்து?"

"வந்து சும்மா இருங்க. இத்தன வருஷம் ஒழைச்சது பத்தாதா?"

"ஒன் வீட்டு அடுப்புல நெருப்பே இல்ல. கண்ணாடி மேல சட்டிய வச்சா சூடாவுதுங்கிற. அது அடுப்பா, மேசையா?"

"அதுல எத வச்சு மறந்துட்டாலும் அதுவே நின்னுக்கும்மா. அதான் விஷயம்."

அவள் முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது. அடுத்த மாதம் பள்ளி விடுமுறை ஞாயிற்றுக்கிழமை ஜோகூரிலிருந்து தம்பியும் வருகிறானாம், இரண்டு பேரும் பேசி முடித்துவிடுவார்களாம். என் வீட்டை, என்னைக் கூப்பிடாமல், என் கூடத்திலேயே உட்கார்ந்து. எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

"பேசுங்க," என்றேன். "ஆனா அன்னிக்கு சாப்பாடு நான்தான் ஆக்குவேன். என் அடுப்புல. கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

"சரிம்மா. பாப்போம்," என்றாள். ஆக, அந்த ஒரு சமையல்தான் நான் இங்கே இருப்பதா போவதா என்பது.

தம்பி என்று அவள் சொன்னது என் தங்கை பிள்ளையை. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனுக்கு மாரடைப்பு வந்து நெஞ்சில் குழாய் வைத்தார்கள். அவனே கூப்பிட்டான்.

"மா, பிரட்டல் வேணாம்மா. தேங்காப்பாலு, எண்ணெ எதுவும் ஆகாதுன்னுட்டாரு டாக்டரு. கொழுப்பே இல்லாத துண்டா எடுத்து ஸ்டேக் மாதிரி வாட்டுனா கொஞ்சம் தின்னலாமாம். ஒங்களால முடியுமா?"

"முடியுமாவா? யார பாத்து கேக்குற?"

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டேக் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. படத்தில் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமைத்தவர்கள் செய்திருப்பார்கள். நான் பங்களாவுக்குள் போனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பேத்தி வந்து இறங்கினாள். பள்ளி விடுமுறை, பாட்டியோடு ஒரு வாரம் இருக்கட்டும் என்று பெரிய மகள் அனுப்பியிருந்தாள். காவலுக்கு அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? பதினாலு வயதுக் காவல். கையில் பிளாஸ்டிக் சுற்றிய இறைச்சி. சிரம்பான் பேரங்காடியில் வாங்கியதாம். சிவப்பாக, வழவழவென்று, ஒரு நூல் கொழுப்பு கிடையாது.

எனக்குத் தெரிந்த கொழுப்பில்லாத மாடு கிழட்டு மாடு. தோட்டத்துக்கு வந்ததெல்லாம் வண்டி இழுத்து ஓய்ந்தது, இல்லையென்றால் கம்பத்தில், மலாய்க்காரக் கிராமத்தில், வளர்ந்த எருமை. கொழுப்பிருக்காது, நார் கயிறு மாதிரி இருக்கும். அதற்கு எங்கள் வழி ஒன்றுதான்: பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துப் பூசி, பப்பாளி இலையில் சுற்றி வைப்பது. அப்புறம் தீ. மாட்டுக்குத் தீயை நிறுத்தவே கூடாது என்பார்கள். மூன்று விறகு எரிந்து முடிந்தால்தான் பல்லுக்கு வழி விடும்.

சனிக்கிழமை காலையில் அந்தத் துண்டை மஞ்சள் போட்டுக் கழுவினேன். கொல்லைப் பப்பாளிக்காயை அம்மியில் அரைத்து இரண்டு பக்கமும் பூசினேன். பெரிய துண்டாயிற்றே, காய் பத்தாமல் போய்விடக் கூடாதென்று தாராளமாகவே பூசினேன். இலையில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு நடந்தேன். கூடத்துக்கும் கொல்லைக்கும், கொல்லைக்கும் கூடத்துக்கும்.

"பாட்டி, உக்காருங்களேன். எனக்கு தலை சுத்துது," என்றாள் பேத்தி.

"சுத்தட்டும். நான்தான நடக்கிறேன்."

நாலு மணிக்குக் கட்டைப் பிரித்தேன். விரல் வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது. கோப்பியில் நனைத்த ரொட்டி மாதிரி. தூக்கினால் இரண்டாகத் தொங்கி, மூன்றாக விழுந்தது.

பேத்தி எட்டிப் பார்த்தாள். "பாட்டி, இது ஸ்டேக்கா, கஞ்சியா?"

"வாய மூடு."

"ஸ்பூன் எடுத்துட்டு வரவா?"

அடித்திருப்பேன். ஆனால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எருமைக்குச் செய்ததை இளசுக்குச் செய்திருக்கிறேன். அறுபது வருட அனுபவத்தை அந்தத் துண்டு ஒரே பகலில் கரைத்துவிட்டது. நாளைக்கு மேசையில் வைக்க ஒன்றும் கிடையாது.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரியின் நாய் மூக்கைத் தூக்கியது. அவளும் நின்றிருந்தாள். நான் தயங்கினேன்.

"போடுக்கா," என்றாள். "நாய்க்கு ஏது சாமியும் சர்ச்சும்? நான் அந்தப் பக்கம் பாத்துக்கிறேன்." உண்மையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாய் இரண்டு வாயில் முடித்தது. அந்த நாய்க்குப் பல்லே சரியில்லை.

அன்று சாயங்காலம் கரிந்த சட்டியை வெளியே எடுத்தேன். ஒரு மாதமாக அதைத் தொட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். சாம்பலும் மணலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன்.

"பாட்டி, தோசைக்கல்லு இருக்குல? அதுல சுட்டா ஈஸிலா," என்றாள் பேத்தி.

"அதுல ஆகாது."

"ஏன்?"

"அந்தக் கல்லு தோசைய பக்கத்து வீட்டு பாட்டி சாப்புடுறா."

அவள் புரிந்துகொண்டாளோ என்னவோ, ஒரு கம்பித் தேய்ப்பானை எடுத்துக்கொண்டு எதிரே குந்தினாள். இரண்டு பேரும் தேய்த்தோம். கரி உரிந்து உரிந்து அடியில் இரும்பு தெரிந்தது. எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேத்தியை இழுத்துக்கொண்டு பெடாஸ் பாசாருக்குப் போனேன். இறைச்சி வெட்டுகிற மலாய்க்கார அண்ணனுக்கு, அபாங் என்றுதான் கூப்பிடுவேன், என்னை இருபது வருடமாகத் தெரியும். வழக்கம்போல் எலும்புப் பக்கம் கத்தியைக் கொண்டுபோனார்.

"எலும்பு வேண்டாம். கொழுப்பில்லாத துண்டு. ஸ்டேக்குக்கு," என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

கத்தி நின்றது. "ஆன்ட்டி ஸ்டேக்கா?" என்று சிரித்தார். பிறகு உள்ளே தொங்கிய மெல்லிய நீளத் துண்டைக் கழற்றினார். பாத்தாங் பினாங் என்றார். பாக்குமரத் தண்டு மாதிரி நீளமாக, உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு விரல் தடிமனுக்கு மூன்று துண்டு வெட்டினார். நான் பப்பாளிக் கதையைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கழுவாதீங்க, தொடைங்க. சட்டி புகையணும். செகெஜாப் சாஜா, கொஞ்ச நேரம்தான். லாமா ஜாடி கெராஸ்." நேரமானால் கல்லாகிவிடும் என்கிறார். "அப்புறம் எறக்கி வச்சிட்டு சும்மா விட்டுடணும், ஆன்ட்டி. கையே வைக்கக் கூடாது."

எனக்குச் சொல்லக் கூடாததைச் சொன்னார். கை வைக்காமல் இருப்பது எனக்கு வருமா?

அன்று பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சட்டி, புகை, கொஞ்ச நேரம், சட்டி, புகை, கொஞ்ச நேரம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் பெரிய மகளின் காடி ஏற்கெனவே வாசலில் நிறுத்தியிருந்தது. பின்னாலேயே தம்பியும் வந்தான். இளைத்திருந்தான். சட்டைக் கழுத்து அகலமாகத் தொங்கியது. என்னைக் கட்டிக்கொண்டு, "என்னமா, பசிக்குது," என்றான். இரண்டு மாதமாக அவன் வாயில் அந்தச் சொல் வரவில்லை என்று அவன் மனைவி போனில் சொல்லியிருந்தாள்.

சோறு ஏற்கெனவே வடித்திருந்தேன். மாட்டுக்கறி தின்றால் செரிக்க ரசம் வேண்டும். சின்ன அடுப்பில் ரசத்தை ஏற்றினேன். பெரிய அடுப்பில் இரும்புச் சட்டி. பெரிய மகள் அடுப்படி நிலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இறைச்சியைத் துணியால் ஒற்றினேன். உப்பு, இடித்த மிளகு, விரலால் தடவ ஒரு துளி எண்ணெய். சட்டி புகைந்தது. மூன்று துண்டையும் வைத்தேன். சீறிய சத்தத்தில் பெரிய மகள் ஒரு அடி பின்னால் போனாள். எனக்குச் சந்தோஷம்.

இனிமேல் தொடக் கூடாது. என் கை கரண்டியைத் தேடியது. பிரட்டலில் கிளறிக்கொண்டே இருப்போம், கிளறுவதுதான் சமையல். இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்? கடிகாரத்தின் நொடி முள் என் கண்ணுக்குத் தெரியாது. விரலை மடக்கி, அருள்நிறை மரியே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்குப் பத்து.

"மா, ஜெபமா பண்றீங்க?"

"நேரம் பாக்குறேன். பேசாத, எண்ணிக்கை விட்டுப் போவும்."

பத்தாவதில் திருப்பினேன். அடிப்பக்கம் மரப்பட்டை நிறத்தில் முறுகியிருந்தது. மறுபடியும் பத்து. ஏழாவதில் கை பரபரத்தது; இன்னும் சிவப்பாகத்தானே இருக்கும், இன்னும் கொஞ்சம் விடு, மாட்டுக்குத் தீயை நிறுத்தாதே என்று உள்ளே யாரோ சொன்னார்கள். ஒன்பது. பத்து. பெரிய மகளின் கண் என் கை மேலேயே இருந்தது. நான் அடுப்புத் திருகைப் பிடித்து, அவள் பார்க்கிற மாதிரி, ஓசை கேட்கிற மாதிரி, டக்கென்று அடைத்தேன். தட்டில் எடுத்து வைத்து, இன்னொரு தட்டால் மூடி, மேசைக்குக் கொண்டுபோனேன். ராணி மாதிரி நடந்தேன் என்று பேத்தி பின்னால் சொன்னாள்.

மூடி வைத்த தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தம்பி தட்டைத் திறக்கக் கையை நீட்டினான்.

"கைய எடு."

"பசிக்குதுமா."

"நானே சும்மா இருக்கேன். நீ இருக்க முடியாதா?"

பேத்தி தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். வந்தாள். நான் தட்டைத் திறந்து வெட்டினேன். நாருக்குக் குறுக்கே வெட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருடம் மரத்தின் பட்டையைப் பார்த்துக் கத்தி போட்டவள். உள்ளே ரோஜா நிறம். சாறு தட்டில் பரவியது. தம்பி ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். கண்ணை மூடினான்.

"மா," என்றான். அவ்வளவுதான். பிறகு தன் பங்கை முழுதும் தின்றான். அக்காளின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். அவள் கையில் தட்டினாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி.

பெரிய மகள் கடைசியில் தலையை ஆட்டினாள். "சரிம்மா. இங்கயே இருங்க. நாந்தான் ரொம்ப பயந்துட்டேன்."

ஜெயித்துவிட்டேன். ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். ரசம் சட்டியில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கமெல்லாம் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. சின்ன அடுப்பு அணைந்து, திருகும் அடைத்திருந்தது.

நான் அணைக்கவில்லை.

பெரிய அடுப்பைத்தான் அணைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த அடுப்பை. பக்கத்தில் ரசம் ஏற்றியிருக்கிறேன் என்பதே அப்போது என் நினைவில் இல்லை. நான் ராணி மாதிரி நடந்தபோது எனக்குப் பின்னால் தீ எரிந்துகொண்டிருந்தது.

மேசைக்கு ரசத்தைக் கொண்டுவந்தேன். பெரிய மகள் கரண்டியை விட்டுப் பார்த்தாள். "ஏன்மா இவ்ளோ கெட்டியா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "பாட்டி ஸ்டைல்மா, சுண்ட வச்சிருக்காங்க," என்றாள் பேத்தி. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அவளைக் கேட்டேன். "ரசத்த நீதான நிறுத்துன?"

"நீங்கதான் பாட்டி நிறுத்துனீங்க."

"பொய் சொல்லாத."

"அப்ப நீங்க ஏன் சொல்லல?" என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கேள்வியோடு கிடந்து அலைகிறேன். பிள்ளைகளுக்குச் சோறு இல்லாத நாளிலும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததில்லை. இப்போது என் அடுப்புக்காக ஒரு பெண் குழந்தை தன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு, அதைச் சுமந்துகொண்டு என்னோடு தாயம் விளையாடுகிறது. அவள் என்னைக் காப்பாற்றுகிறாளாம். என்னை!

வாயால் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை லோபாக்குக்குப் போன் செய்தேன். இரண்டு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். அதனால்தான் எழுதினேன். எழுதியதை விழுங்க முடியாது. தீயை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவள் என்று அன்றைக்குக் காட்டிக்கொண்டேன். இதையாவது நேரத்தில் செய்கிறேன். கேட்ட பிறகு பெரிய மகள் என்ன சொன்னாலும் சரி, எதிர்த்துப் பேச மாட்டேன். ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன்: நான் லோபாக்குக்குப் போவதென்றால் அந்த இரும்புச் சட்டியும் என்னோடு வரும். கண்ணாடி அடுப்பில் அது வேலை செய்யுமா என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்குப் பேத்தியைக் கூட்டிப்போகப் பெரிய மகள் வந்திருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறாள். அவளையும் பார்த்தேன், அடுப்பையும் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு திருகும் அடைத்திருக்கிறது. தொட்டே பார்த்தேன்.

"கண்ணு, இங்க வா. பைய அப்புறம் கட்டலாம். இந்தத் தாளெல்லாம் எடுத்துக்க, முதல் வரியிலேர்ந்து எனக்குப் படிச்சுக் காட்டு. இங்க இல்ல, கூடத்துல ஒங்கம்மா பக்கத்துல உக்காந்து படி. எழுத்து தப்பா இருந்தா நீயே சரி பண்ணிக்க. ரசம் வர்ற எடத்துல மட்டும் கொரல எறக்காத."